ஊசிப்போன பந்தி

பாலாற்றங்கரையில் இருக்கும் பாலூர்ப்பேட்டையில், ஆவணி மாதத்து வளர்பிறை முகூர்த்தம் ஒன்றில், கோகிலா திருமண மண்டபத்தின் இரண்டாம் பந்தியில், ஜன்னலோரம் நான்காவது இலைக்கு உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் நாகலிங்கம், தண்ணீர் ஊற்ற வந்த ஒடிசாக்காரன் தன் சட்டைக் கையில் இரண்டு சொட்டு சிந்திவிட்டான் என்பதற்காக, "இந்த வடக்கனுங்களே இப்பிடித்தான், குளிக்கவே மாட்டானுங்க, கிட்ட வந்தா நாறுது" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லி முடித்த அந்த வினாடியில், அவர் இலையில் சாம்பாருக்காகக் காத்துக்கொண்டிருந்த சோறு ஊசிப்போனது.

மெதுவாகவும் போகவில்லை. அதுவரை மல்லிகை மொட்டு மாதிரி கிடந்த சோறு வியர்த்தது, மஞ்சளாயிற்று, அவர் கையை எடுத்தபோது விரலுக்கும் இலைக்கும் நடுவே நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது, மூன்று நாள் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்த நாற்றம் எழுந்தது. அங்கிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் அவர் குரல் எட்டிய தூரம் வரைக்கும் இலை இலையாக ஊசிக்கொண்டே போய், நாற்பத்திரண்டாவது இலையில் நின்றது. நாற்பத்து மூன்றாவது இலைக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதாலோ, மேளச் சத்தம் அங்கே அதிகம் என்பதாலோ, அவர் பாட்டுக்குப் பருப்பும் நெய்யும் பிசைந்து தின்றார்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. கல்யாண வீட்டில் சோறு கெட்டால் ஆச்சரியப்படுகிற வழக்கம் நமக்கு இல்லை, வடித்தவளைக் கூப்பிடுகிற வழக்கம்தான் உண்டு. ஆகவே தேசம்மாவைக் கூப்பிட்டார்கள்.

தேசம்மா மண்டபத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தவள். தலைமைச் சமையல்காரர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். சோற்று அண்டா மட்டும் அவளுடையது. ஆயிரம் பேருக்கு வேண்டிய சோற்றைக் குழையவிடாமல், விறைக்கவிடாமல், கஞ்சி சொட்டாமல் வடித்து, ஈச்சம்பாயில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டி ஆறவைப்பது அவள் கைக்கு மட்டும் வசப்பட்ட காரியம். கிளறுகிற மரத்துடுப்பு அவள் சொந்தத் துடுப்பு. வேறு யாரையும் தொடவிட மாட்டாள். அவள் ஊருக்குத் தெற்கே காலனியில் இருப்பவள். அது மண்டபத்து முதலாளி முனிரத்தினத்துக்குத் தெரியும், தெரிந்ததனால்தான் கொட்டகையின் கதவு எப்போதும் பாதி சாத்தியே இருக்கும். சோறு அந்தக் கதவு வழியாக உள்ளே போகும், தேசம்மா போனதில்லை. பந்தியில் யாராவது, "சோறு பூவாட்டம் கீதே, யாரு வடிச்சது?" என்று கேட்டால் முனிரத்தினம் தலைமைச் சமையல்காரரைக் காட்டுவார். தேசம்மா கதவிடுக்கில் நின்று அந்தக் கேள்வியைக் காதால் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து அடுப்பில் விறகைத் தள்ளிவிடுவாள். ஒரே ஒரு தரம் அந்தக் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட வேண்டும் என்பது அவளுக்கு இருந்த ஆசை. வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னா தேசம்மா, மானத்த வாங்கிட்டியே!" என்று முனிரத்தினம் கொட்டகைக்குள் வந்தார்.

அவள் அண்டாவில் கைவிட்டு ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டுக் காட்டினாள். "நல்லாத்தான் கீது மொதலாளி. நீயே துன்னு பாரு."

அவர் தின்னவில்லை. அண்டாவை எட்டிப் பார்த்தார், உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார், பிறகு சொன்னார்: "உங்க ஆளுங்களுக்குச் சுத்தம்னா இன்னான்னு தெரியுமா? தெரிஞ்சும் உள்ள வுட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

அண்டா பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அறுபது படிச் சோறு அவர்கள் கண்ணெதிரே வியர்த்து, மஞ்சளாகி, நூல் விட்டு, அமுங்கியது. முனிரத்தினம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். தேசம்மாவின் வாயில் இருந்த மிச்சப் பருக்கையும் நாக்கில் வழுவழுவென்று மாறியது. அவள் அதைத் துப்பிவிட்டு, அண்டாவைப் பார்க்காமல் முதலாளி ஓடிய திசையைப் பார்த்தாள். கெட்டது எது என்று அந்த ஊரில் முதலில் புரிந்துகொண்டவள் அவள்தான்.

ஊருக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. வீடு வீடாகச் சோறு ஊசியது. உணவு ஆய்வாளர் வந்து பாட்டில்களில் மாதிரி எடுத்துக்கொண்டு போனார். வண்டி பாலத்தைத் தாண்டும்வரை நன்றாக இருந்த அந்தச் சோறு, ஓட்டுநர் வழியில் சாலையோரம் கூடாரம் போட்டிருந்த ஊசிமணி பாசிமணி விற்பவர்களைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னதும் பாட்டிலுக்குள்ளேயே கெட்டது. தோல் ஷாப்புத் தெருவில் உருது பேசுகிற வீட்டில் தமிழ் பேசுகிறவர்களைப் பற்றிச் சொன்னபோது பிரியாணி கெட்டது, தமிழ் பேசுகிற வீட்டில் உருது பேசுகிறவர்களைப் பற்றிச் சொன்னபோது பொங்கல் கெட்டது, தெலுங்குக்காரத் தெருவில் இருவரைப் பற்றியும் சொன்னபோது புளியோதரை கெட்டது. பெண்கள்தான் சூத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். மாமியாரைத் திட்டினால் சோறு கெடவில்லை. புருஷனைத் திட்டினால் கெடவே இல்லை. பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்றால் ஒன்றும் ஆகவில்லை. பால்காரனுடைய ஆட்களே அப்படித்தான் என்றால் போயிற்று. மெதுவாகச் சொன்னாலும் போயிற்று, சிரித்துக்கொண்டு சொன்னாலும் போயிற்று, "நான் பேதம் பாக்கறவன் இல்ல, ஆனா" என்று தொடங்கிச் சொன்னால் சீக்கிரமாகப் போயிற்று. தின்றுவிட்டுப் பேசலாம் என்று நினைத்தவர்கள் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார்கள், ஏனென்றால் வயிற்றுக்குள் போன சோறும் சோறுதான், அது செரிக்க நான்கு மணி நேரம் ஆகிறது.

விஷயம் இவ்வளவு எளிது. பேசாமல் இருந்தால் போதும். ஒரு பைசா செலவில்லை, மருந்து மாத்திரை வேண்டாம். பாலூர்ப்பேட்டை மூன்று வாரம் முயன்று பார்த்தது, பார்த்தவர்களுக்கு இப்போது நினைத்தாலும் குமட்டும். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்ட வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் பேச வேறு விஷயம் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் பெஞ்சு காலியானது. கல்யாணத் தரகர்கள் வாயைத் திறக்க வழியில்லாமல் தொழிலை விட்டார்கள். வாக்கியம் தொண்டை வரை வந்து, சோற்றை நினைத்துத் திரும்பிப் போய், கண் பிதுங்கி நிற்கும் மனிதர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

நான்காவது வாரம் நாகலிங்கம் ஊரைக் காப்பாற்றினார். அவர் வீட்டில் அன்றைக்குக் கோதுமை ரவை உப்புமா. கடுப்பில் வாய் தவறி, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், அந்தத் தெருவுக்காரர்களுக்கு எப்படிப்பட்ட புத்தி என்றெல்லாம் நான்கு வாக்கியம் சொல்லிவிட்டுத் தட்டைப் பயந்துகொண்டே பார்த்தார். உப்புமா அப்படியே இருந்தது. கோதுமைக்குக் காது இல்லை! அவர் தட்டை ஏந்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்து கூவினார், அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் கோதுமை மாவு தீர்ந்தது. உப்புமா என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஊர் மூன்று வேளையும் அதைத் தின்றது. இட்லியும் தோசையும் அரிசி என்பதால் போயின. பிள்ளைக்குச் சோறூட்டும் சடங்கில் ரவைக் கேசரி ஊட்டினார்கள். அரிசியைக் கோழிக்குப் போட்டார்கள். தாத்தன் காலத்திலிருந்து சோறு தின்று வளர்ந்த ஜனங்கள் சோற்றை விட்டார்கள், அந்த வாக்கியத்தை விடவில்லை. டீக்கடைப் பெஞ்சு மறுபடி நிறைந்தது, மூன்று வாரப் பேச்சையும் சேர்த்துப் பேசினார்கள்.

கல்யாண விருந்துக்குச் சப்பாத்தி என்று ஆனது. முனிரத்தினம் கொட்டகைக்கு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அந்த ஒடிசாக்காரனைப் பார்த்து விரலை நீட்டினார். "ஏ பையா, நீ வடக்கன்தானே? இன்னிலேர்ந்து நீதான் சப்பாத்தி மாஸ்டர்."

அவன் பெயர் சுதர்சன் பெஹரா, வயது நாற்பத்தைந்து, காதோரம் நரைத்தவன். "சார், எனக்கு சப்பாத்தி தெரியாது" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழில் மூன்று விதமாகச் சொன்னான். வடக்கே பிறந்தவனுக்குச் சப்பாத்தி தெரியாது என்பதை அந்த ஊரால் கேட்கவே முடியவில்லை. அவன் செல்போனில் வீடியோ பார்த்து மாவு பிசையக் கற்றுக்கொண்டான். முதல் நாள் அவன் சுட்டதெல்லாம் கோணல் மாணலாக, ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வேகாமல் இருந்தன. பந்தியில் நாகலிங்கம் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "என்னதான் சொல்லு, அவனுங்க கைப்பக்குவம் நமக்கு வராது, ரத்தத்துலயே கீது" என்றார்.

தேசம்மாவின் அடுப்பை அணைத்தார்கள். அண்டாவைக் கவிழ்த்து வைத்தார்கள். அவளைப் பாத்திரம் கழுவச் சொன்னார்கள். அவள் துடுப்பைக் கழுவித் துணியில் சுற்றிக் கொட்டகை மூலையில் சாத்திவிட்டு, சுதர்சன் பிசைந்துபோட்ட மாவுத் தட்டுகளைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவளுக்குள் ஒன்று ஊறிக்கொண்டே வந்தது.

ஒரு மத்தியானம் வீட்டில் தனக்கென்று ஒரு பிடி அரிசி போட்டு வடித்து, தட்டில் கொட்டி, ரசத்தை ஊற்றப் போனவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "நாசமாப் போன வடக்கனுங்க. எங்கெங்கிருந்தோ வந்து நம்ம வவுத்துல அடிக்கிறானுங்க. அழுக்குப் புடிச்ச ஜனம்."

தட்டில் சோறு வியர்த்தது.

தேசம்மா கையில் ரசக் கரண்டியோடு அதைப் பார்த்தாள். மஞ்சளானது. நூல் விட்டது. இருபத்திரண்டு வருஷமாகப் பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றவள், முனிரத்தினம் சொன்ன அதே வாக்கியத்தில் ஆளை மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். நாற்றம் தட்டிலிருந்து வருகிறதா, தன் வாயிலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள், கோழி கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. உப்பை அள்ளிப் பல்லில் தேய்த்து வாயைக் கொப்பளித்தாள். நான்கு தரம் கொப்பளித்தாள். தன்மேலேயே அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

மறுநாள் கொட்டகையில் சுதர்சன் ஒரு சப்பாத்தியை மடியில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாத்துக்குத் துன்னாம கீற?" என்று கேட்டாள். அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அம்மா, நான் சப்பாத்தி சாப்பிடற ஆள் இல்ல" என்றான். "எங்க ஊர்ல நெல்லு. அப்பா, தாத்தா, எல்லாம் நெல்லு. சோறுல தண்ணி ஊத்தி வெப்போம், காலைல வெங்காயம் வெச்சு சாப்பிடுவோம். ரெண்டு மாசம் ஆச்சு. வயிறு அழுவுது."

தேசம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அது நாங்க துன்றதாச்சேய்யா" என்றாள். பிறகு, "நேத்து உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னேன், என் சோறு ஊசிப்பூட்டுது" என்றாள். அவன் தலையைச் சாய்த்து, "நானும் இந்த ஊர் ஆளுங்களைப் பத்தி ரூம்ல சொன்னேன். அஞ்சு பேர் சோறு போச்சு. எல்லாரும் என்னை அடிக்க வந்தாங்க. அதுக்கப்புறம் ரூம்லயும் சப்பாத்திதான்" என்றான். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்று கல்லைக் கூட்டி, சின்னப் பாத்திரத்தில் உலை வைத்து, துடுப்பின் காம்பால் கிளறி வடித்தாள். இருவரும் வெங்காயம் கடித்துத் தின்றார்கள். சோறு கடைசிப் பருக்கை வரைக்கும் வெள்ளையாகவே இருந்தது.

தை மாதம் முனிரத்தினத்தின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு கும்பகோணத்துப் பக்கம். "சப்பாத்தி போட்டுக் கல்யாணம் பண்றதுக்கு நாங்க என்ன ஆஸ்பத்திரிக்கா வர்றோம்? சாதம் போடுங்க" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா விசாலம் போனில் சொல்லிவிட்டாள். விவரத்தைச் சொன்னதற்கு, "நாலு மணி நேரம் வாயைக் கட்டத் தெரியாதா எங்களுக்கு?" என்று கேட்டாள்.

முனிரத்தினம் கொட்டகைக்கு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக உள்ளே உட்கார்ந்தார். "தேசம்மா, எண்ணூறு பேரு. உன் கையால வடிக்கணும். நல்லபடியா முடிஞ்சா அடுப்பு உனக்கு, அண்டா உனக்கு, ஊரே சோத்துக்குத் திரும்பிடும்."

"வடிக்கிறேன். நானே பந்தியில போடுவேன்" என்றாள் தேசம்மா.

அவர் முகம் ஊசிப்போனதைத் தொட்ட மாதிரி ஆனது. வாக்கியம் தொண்டைக்கு வந்ததை அவளால் பார்க்க முடிந்தது. விழுங்கினார். "சரி" என்றார். "யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா, வேலூருன்னு சொல்லிடு. தெருப் பேரு வாணாம்."

கல்யாணத்தன்று மண்டபத்துச் சுவரெல்லாம் 'அமைதி' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். சாப்பிட்ட பிறகு வாயில் அடக்கிக்கொள்ள ஆளுக்கு மூன்று பீடா. நாதஸ்வரத்துக்கு நான்கு ஒலிபெருக்கி. பாதி சாத்திய கதவைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு, இடுப்பில் சோற்றுக் கூடையோடு தேசம்மா பந்திக்குள் வந்தாள். பின்னால் சாம்பார் வாளியோடு சுதர்சன். உள்ளே விளக்குகள் இத்தனை என்றே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சோறு விழுந்த இலையிலெல்லாம் வெளிச்சம் வந்தது. ஐந்து மாதம் கழித்துச் சோற்றைப் பார்த்த பாலூர்ப்பேட்டை ஜனங்கள் கண்கலங்கிப் பிசைந்து பிசைந்து தின்றார்கள், மறுசோறு கேட்டார்கள், மோருக்குக் கேட்டார்கள், நாகலிங்கம் நான்கு முறை கையை நீட்டினார். எண்ணூறு பேரும் ஒரே பந்தியாக, இலை வைத்த நேரத்திலிருந்து மடக்கும் நேரம் வரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. தேசம்மா காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். முடிந்துவிட்டது, அடுப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

அப்போதுதான் விசாலம் பெரியம்மா கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார்.

"ஏம்மா, சாதம் உதிரி உதிரியா என்னமா இருக்கு! யாரு வடிச்சது?"

இருபத்திரண்டு வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி. "நான்தாம்மா" என்றாள் தேசம்மா. "என் பேரு தேசம்மா."

"நல்லா இரு தாயி. கைக்குத் தங்க வளையல் போடணும். எந்த ஊரு? எந்தத் தெரு?"

முனிரத்தினம் தூணருகிலிருந்து கையை ஆட்டினார், கும்பிட்டார். தேசம்மா அவரைப் பார்த்தாள். ஒரு பொய் சொன்னால் அடுப்பு அவளுடையது. அந்த அடுப்பில் காலமெல்லாம் இந்த வாய்களுக்கு வடித்துக்கொண்டே இருக்கலாம்.

"இந்த ஊருதாம்மா. தெற்கால காலனி."

விசாலத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அவள் தன் இலையைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள். தொண்டையில் ஒன்று ஏறியது, இறங்கியது, ஏறியது. நான்கு மணி நேரம்தான். எண்ணூறு பேரும் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்கள். அவள் கையால் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கு வழியாக அது வந்துவிட்டது.

"கண்ட ஆளுங்க கையால சாதம் போட்டு எங்களைத் தீட்டாக்கிட்டீங்களே!"

விசாலம்தான் முதலில் குனிந்தாள். அவளிலிருந்து இடமும் வலமுமாக வரிசை வரிசையாகக் குனிந்தார்கள். பட்டுச் சேலைகளும் ஜரிகை வேட்டிகளும் நனைந்தன. ஒன்றும் பேசாத குழந்தைகளும் பெரியவர்களோடு சேர்ந்து கக்கின, அதைத்தான் தேசம்மாவால் பார்க்க முடியவில்லை. நாகலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டு கக்கினார், கக்கி முடித்ததும் தலையைத் தூக்கி, "பின்னாடி சாம்பார் ஊத்தினவன் யாரு தெரியுமா? அந்த அழுக்குப் புடிச்ச வடக்கன்" என்றார், மறுபடி குனிந்தார். ஒருத்தர் தொடங்கிவிட்டதால் இனிமேல் காக்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் ஊரைப் பற்றிச் சொன்னார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் ஜில்லாவைப் பற்றிச் சொன்னார்கள். ஐந்து மாதச் சப்பாத்தி காப்பாற்றி வைத்திருந்த எல்லா வாக்கியங்களும் சோற்றோடு தரையில் கிடந்தன.

முனிரத்தினம் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு தேசம்மாவைப் பார்த்தார். "இன்னா நின்னுனு கீற? பக்கெட்ட எட்த்துனு வந்து கழுவு. அந்த பையாவையும் கூப்டு."

தேசம்மா கூடையைக் கீழே வைத்தாள். கொட்டகைக்குப் போனாள், மூலையில் இருந்த துடுப்பை எடுத்துத் தோளில் சாத்தினாள், திரும்பி மண்டபத்துக்குள்ளேயே வந்து, வழுக்காத இடமாகப் பார்த்துக் கால் வைத்து, வாழைமரம் கட்டிய முன்வாசல் வழியாக வெளியே நடந்தாள். வாசலில் நின்று ஒரே ஒரு தரம் திரும்பினாள்.

"நான் வடிச்சது நல்ல சோறு" என்றாள். "அத்த இப்படி ஆக்குனது நீங்க. நீங்களே அள்ளுங்க."

சுதர்சன் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் பின்னால் போனான். இருவருக்கும் பசி. தேசம்மா வீட்டில் காலையிலேயே தண்ணீர் ஊற்றி வைத்த சோறு இருந்தது.

மண்டபத்தை யார் கழுவுவது என்று அன்றைக்கே பேச்சு தொடங்கியது. இந்த வேலைக்கென்று இருக்கிற ஆட்களைக் கூப்பிடுங்கள் என்று ஒருவர் சொல்ல, வயிற்றில் மிச்சம் இருந்தவர்களெல்லாம் அந்த மிச்சத்தையும் கக்கினார்கள். அதன் பிறகு வாரம் ஒருமுறை மண்டபத்து வாசலில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாம். யார் கழுவுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் மறக்காமல் சப்பாத்தி தின்றுவிட்டு வருகிறார்கள்.